வெயிலில் காய்ந்த பேட்டரிக் கட்டை

அப்பாவுக்குக் காது மிஷின் வந்தபோது எங்கள் ஊரில் அதை ரேடியோ என்றுதான் சொன்னார்கள். சொன்னதில் தப்பும் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர், ஒயரின் நுனியில் காதில் செருகிக்கொள்ள ஒரு குமிழ். ஓரத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம். ஏரியூரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சேதி சொல்லுவாங்களா?" என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள் என்றதும் அவருக்கு அதன்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

அப்பா கிணறு வெட்டுகிறவர். பாறையில் குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, வெடி வைப்பார். எங்கள் பக்கம் தண்ணீர் வேண்டுமென்றால் பாறையைப் பிளந்துதான் ஆக வேண்டும். அதனால் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை, வீட்டில் இருப்பதுதான் குறைவு. ஒருமுறை வெடிக்காமல் நின்றுபோன குழியைப் பார்க்க இறங்கினார். அப்போது பார்த்து வெடித்துத் தொலைத்தது. உயிர் பிழைத்துக்கொண்டார். ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மற்றதில், பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ கொஞ்சம் விழும். அதற்கப்புறம் வெடி வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கல் உடைக்கப் போனார்.

வீட்டில் அப்பாவோடு பேச்சு எல்லாம் கை ஜாடைதான். சோறு, மாடு, மழை, பஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாடை. பெரும்பாலும் நான் கண்டுபிடித்தவை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அம்மாவுக்கு அது வரவே இல்லை. காட்டிலும் வீட்டிலும் மாடாக உழைத்துவிட்டு வந்து, அப்பா முன்னால் ஏதோ காட்ட ஆரம்பிப்பாள். பாதியில் கையைத் தொங்கப் போட்டுவிடுவாள். "நீயே சொல்லு சாமி, எனக்கு முடியல" என்பாள்.

அப்பாவுக்குக் காது போவதற்குச் சில மாதம் முன்னால்தான் தங்கச்சிப் பாப்பா செத்துப்போயிருந்தது. காய்ச்சல். அப்பா அப்போது கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிணற்று வேலையில் இருந்தார். ஆள் விட்டுச் சொல்லியனுப்பியதற்கு, மருந்து கெட்டித்தாகிவிட்டது, வெடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஊர் சும்மா இருக்குமா? "ஆம்பள வூட்டுல இருந்திருந்தா பொழச்சிருக்கும்" என்று அவர் காதில் விழும்படியே பேசினார்கள். அப்போது அவருக்குக் காது நன்றாகக் கேட்டது. வீட்டுக்குள் மட்டும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அது மறந்துபோன சங்கதி. பாப்பாவின் முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை.

காது மிஷினுக்காக அம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பஸ் மாறிப் பஸ் மாறி அப்பாவைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு அலைந்தாள். "எனக்கு எதுக்குடி அந்தக் கருமம்" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் வந்தேவிட்டது. அப்பாவின் பனியனில் பை கிடையாது என்று, பழைய பாவாடைத் துணியில் ஒரு பை தைத்து நெஞ்சில் வைத்துக் கொடுத்தாள்.

காதில் செருகிய அன்று அப்பாவுக்கு நிஜமாகவே சந்தோஷம். கோழி கத்தியதற்குச் சிரித்தார். மாடு தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்தை நின்று கேட்டார். பொழுது இருக்கும்போதே சாப்பிட்டுவிடுகிற வீடு எங்களுடையது. களியைப் போட்டுவிட்டு அம்மா எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, கேக்குதுங்களா? ஒன்னு சொல்லணும். பாப்பா விசயம்."

அப்பா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சின்னப் பேட்டரிக் கட்டையை வெளியே எடுத்தார்.

"கட்டை தீந்துபோச்சு" என்றார்.

தீர்ந்த கட்டையை ஓட்டின்மேல் வெயிலில் காய வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்பது அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலை என்னிடம் வந்தது. காலையில் ஓட்டில் வைப்பேன், சாயங்காலம் எடுத்துப் பெட்டியில் போடுவேன். மிஷின் அருமையாக வேலை செய்யும். அப்பா மாட்டோடு பேசுவார், என்னோடு பேசுவார். அம்மா களிச் சட்டியை இறக்கிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்ததும் கட்டை தீர்ந்துவிடும். தினமும் இதே கூத்து. மிஷினே கோளாறு போலிருக்கிறது என்று அம்மா சலித்துக்கொண்டாள். வெயில் போதவில்லை என்று நான் சொன்னேன்.

பென்னாகரத்தில் ரேடியோக் கடை பாய் எனக்கு ஒரு டார்ச் பல்பு சும்மா கொடுத்திருந்தார். ஒரு துண்டு ஒயரை வைத்துக் கட்டையில் தொட்டால் எரியும். காய்ந்த கட்டையில் தொட்டுப் பார்த்தேன், எரிந்தது. தீர்ந்த கட்டையில் எரியாது என்று காட்டினால்தானே என் வெயில் வைத்தியத்தின் பெருமை தெரியும்? அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கட்டையை எடுத்துக் கீழே வைத்ததும் வாங்கித் தொட்டேன். அதுவும் பளிச்சென்று எரிந்தது.

"அம்மா, இங்க பாரு. தீரவே இல்ல. நல்லா எரியுது."

அம்மா பல்பைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அவர் களியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கட்டையை வாங்கி அவர் முன்னால் நீட்டினாள். அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கையை மடக்கிக்கொண்டாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்படியே பேச ஆரம்பித்தாள்.

"பாப்பாவத் தூக்கிகிட்டு ரோட்டுல போயி நின்னேங்க. பஸ்ஸே வர்ல. நடந்தே பென்னாகரம் போயிரலாம்னு நடந்தேன். பாதி வழியில போயிருச்சு. நீங்க இருந்திருந்தாலும் அதே ரோடுதான், அதே பஸ்ஸுதான். நீங்க வராததுனால ஒன்னும் ஆயிரலீங்க. நான் அப்படி நெனச்சதே இல்ல. இதச் சொல்லத்தான் உங்களச் சேலத்துக்கெல்லாம் இழுத்துகிட்டுப் போனேன்."

"அம்மா, கட்டை உன் கையில இருக்கு. அப்பாவுக்குக் கேக்காது" என்றேன்.

"தெரியும் சாமி" என்றாள்.

திட்டு வாங்குகிறவரைப்போல அப்பா தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். அம்மாவின் வாய் நின்றதும் என் பக்கம் திரும்பி, கையை மலர்த்தி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவ்வளவு நீளத்துக்கு என்னிடம் ஜாடை இல்லை. நீங்க இருந்திருந்தாலும் என்பதற்கெல்லாம் எந்தக் கையைக் காட்டுவது? அதை விட்டுவிட்டேன். இரண்டு கையையும் சேர்த்துத் தொட்டில்போல ஆட்டினேன். பஸ் ஓட்டினேன். இல்லை என்று கையை விரித்தேன். அதோடு முடித்துக்கொண்டேன்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"பஸ்ஸே வர்லியா?" என்றார்.

அம்மா இல்லை என்று தலையாட்டினாள். அவர் அவளிடம் கையை நீட்டினார். அவள் கட்டையை வைத்தாள். அதைப் பெட்டிக்குள் போட்டுக் கொடுக்க நான் கை நீட்டினேன். அவர் விடவில்லை. தானே போட்டு, சக்கரத்தைக் கடைசிவரைக்கும் திருகினார்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார்.

அம்மா முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்தான் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேனே, அதையே எதற்குத் திரும்பவும் இழுக்கிறார்கள் என்று கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அப்பா அழுவது வாசல்வரைக்கும் கேட்டது. பஸ் வராததற்கெல்லாம் பெரிய மனுஷர் ஒருவர் இப்படி அழுவாரா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. யாராவது கேட்டு வைக்கப்போகிறார்களே என்று கதவைச் சாத்திவிட்டு விளையாடப் போனேன்.