நிலாவை நம்பாதவருக்கு ரத்தம் கொடுத்தது

நிலவில் மனிதன் இறங்கியது பொய் என்று இணையத்தில் அடித்துப் பேசிய ஒருவருடன் ஓராண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறேன். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. வேலை முடிந்ததும் திருவனந்தபுரம் பழவங்காடியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஒரு தமிழ் மடற்குழுவுக்கு ஆங்கில எழுத்துகளில் தமிழைத் தட்டுவேன். அவர் நாகர்கோவில்காரர் என்பது மட்டும் தெரியும். காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி ஆடியது, வானத்தில் நட்சத்திரம் எங்கே, படம் பிடித்தது யார் என்று கேட்பார். கொடியின் மேல்விளிம்பில் ஒரு கம்பி உண்டு என்று எத்தனை தடவை எழுதினாலும் அடுத்த வாரம் கொடி திரும்பவும் ஆடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கரமனை வீட்டில் என் மனைவிக்கு இது வேடிக்கை. "ராக்கெட் ஆபீஸ்காரா சண்டை போட்டா அர்த்தம் உண்டு. எள்ளு எண்ணெய்க்குக் காயறது, எலிப்புழுக்கை என்னத்துக்காக்கும் காயறது?" என்பாள். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவன். அவள் கேட்டதில் தப்பு இல்லை.

ஒரு நாள் அவரிடமிருந்து வேறு மாதிரி மடல் வந்தது. மனைவிக்கு வயிற்றில் கட்டி. திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். ஆபரேஷனுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு பாட்டில் வேண்டும், அது கிடைத்தால்தான் தேதி கொடுப்பார்கள். வார்டு எண்ணும் எழுதியிருந்தார். கீழே வரிசையாகப் பதில்கள். ஒருவர் ஆஸ்பத்திரிச் சீட்டை ஸ்கேன் செய்து போடச் சொன்னார். இன்னொருவர், சீட்டு என்ன, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றார். ஆதாரம் எங்கே என்று கேட்கும் பழக்கத்தைக் குழுவுக்குத் தொற்றவைத்ததே அந்த நாகர்கோவில்காரர்தான்.

என் ரத்தமும் ஓ நெகட்டிவ். மறுநாள் கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முழுக்க நம்பிப் போனேன் என்று சொல்ல மாட்டேன். பொய்யாக இருந்தால் நேராகப் பழவங்காடிக்குப் போய் மனுஷனை நார் நாராகக் கிழிக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

சொன்ன வார்டில், சொன்ன கட்டில் பக்கத்தில், ஒல்லியாக ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். குழுவில் நான் எழுதும் பெயரைச் சொன்னதும் எழுந்துவிட்டார்.

"சோதிக்க வந்தியளா சார்?"

"ரத்தம் கொடுக்க வந்தேன்" என்றேன். என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

கட்டிலில் கிடந்த அவர் மனைவி யாரென்று கேட்டார். "நிலாவுல ஆளு எறங்குனான்னு ஒருத்தரு தொண்ட கிழியக் கத்துவாருன்னு சொல்லுவேன்லா, அவருதான்" என்றார் இவர்.

"உக்காருங்கண்ணே" என்றார் அந்த அம்மாள். "இவரு நிலாவ மட்டுமா நம்பல்ல? வயிறு வலிக்கு, வயிறு வலிக்குன்னு சொல்லி எனக்கு வாய் வலிச்சிட்டு. வாயுன்னே சொல்லிட்டுக் கெடந்தாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கணவர் நிமிரவில்லை, உரித்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓராண்டாகச் சேர்த்துவைத்திருந்த கோபம் எனக்கு அந்த இடத்தில் வடிந்துபோயிற்று.

ரத்தம் கொடுத்துவிட்டு, சாயந்திரம் குழுவுக்கு எழுதினேன். நேரில் பார்த்தேன், எல்லாம் உண்மை, இன்னும் ஒரு பாட்டில் வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்தது. என் பெயர், அவர் பெயர் இரண்டிலும் எழுதுவது ஒரே ஆள்தானாம். இத்தனை நாளும் தன்னோடு தானே சண்டை போட்டு எல்லோரையும் முட்டாளாக்கியிருக்கிறாராம். நாலைந்து பேர் அதை ஆமோதித்திருந்தார்கள். வாயில் வந்ததையெல்லாம் தட்டி, அனுப்பாமல் அழித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த நாள் அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நானா இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன் சார்" என்றார்.

இரண்டாவது பாட்டில் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ அடிக்கும் ஒருவரிடமிருந்து கிடைத்தது. நிலாவைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆபரேஷன் நாளில் நானும் போயிருந்தேன். வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, "எல்லாம் எடுத்துக் களஞ்ஞு, பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு நடந்தார். கட்டியை முழுக்க எடுத்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி போடும் மனிதர், டாக்டர் வராந்தா முனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரு சொன்னத நம்பலாமா சார்?"

"நம்பலாம்" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.