நான் வெட்டாமல் விட்ட மூன்று எழுத்து

போன வருடம், கொட்டாஞ்சேனையில் உள்ள என் கல்லறைக்கல் பட்டறையில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் தமிழ், சிங்களம், ஆங்கிலம், லத்தீன் என்று நான்கு மொழியில் எழுத்து வெட்டுவேன். கொழும்பு மயானங்களில் என் கை படாத வரிசை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் பழைய லத்தீன் கல்வெட்டு உடைந்துவிட்டது. அதேபோலப் புதுக்கல் வெட்டித் தரச் சொன்னார்கள். பழைய மொழிகள் படித்த பல்கலைக்கழக ஆசிரியை ஒருவர், உடைந்த கல்லை வாசித்து வாசகத்தைத் தாளில் அச்சடித்துத் தந்திருந்தார். ஞாயிறு திருவிழா. ஆலயச் சபைச் செயலாளர் வெள்ளியன்றே பட்டறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கருங்கல், ஒரே பலகை. ஓர் எழுத்துப் பிழைத்தாலும் கல் குப்பைக்குத்தான். மூன்றாம் வரியின் நடுவில் வி, ஏ, சி என்று மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தன. பென்சிலால் அதையும் வரைந்துவிட்டேன்.

உளியை வைக்குமுன் பழைய கல்லைக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பது என் வழக்கம். தேய்ந்த எழுத்தென்றால் கொஞ்சமாவது பள்ளம் விரலில் தட்டும். அந்த இடமோ வழவழவென்று இருந்தது. உளியே பட்டிருக்கவில்லை.

“இந்த மூண்டு எழுத்தும் பழைய கல்லில இல்லை,” என்றேன்.

“அண்ணே, நீங்க எத்தினையாம் வகுப்பு?” என்றார் செயலாளர்.

“அஞ்சு.”

“அவ டாக்டர் பட்டம். தாளில இருக்கிறத அப்படியே வெட்டுங்கோ.”

“அப்ப உளிய நீங்க பிடியுங்கோ,” என்று நீட்டினேன். வேலையாட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கடுகடுத்தபடி ஆசிரியைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஆசிரியை பதறிப்போனார். “ஐயோ, வெட்டிட்டீங்களா ஐயா?”

“இல்லை மிஸ். அங்க ஒண்டும் இல்லையெண்டு கல்லு சொல்லுது.”

“கல்லு சரியாத்தான் சொல்லுது!”

‘வெறுமையாக உள்ளது’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கமாம் அது. கல்லை வெட்டியவர் எழுத்தில்லாமல் விட்ட இடத்தை, கல்வெட்டு படிப்பவர்கள் அப்படிக் குறிப்பார்களாம். விளக்கம் எழுத மறந்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். செயலாளர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பென்சில் கோட்டை அழித்தேன். நாலு விரல் அகலம் அளந்து, அந்த இடத்தை அப்படியே விட்டேன். ஞாயிறு வந்தவர்கள் எல்லோரும் எழுத்துகளின் அழகைப் பாராட்டினார்கள். நாற்பது வருடமாக நான் வெட்டிய அத்தனை எழுத்தையும்விட, வெட்டாமல் விட்ட அந்த நாலு விரல் இடத்தில்தான் நான் யார் என்பது எழுதியிருக்கிறது.