முன் இருக்கையில் ஒரு சக்களத்தி

கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஆனால் என் பூனைக்கு அந்த மணல் ஆகாது. நான் ஒரு பழைய பிளாஸ்டிக் தட்டில் அள்ளிக் கொண்டுவந்து, வண்டிக்குள் பின்மூலையில் வைத்தால்தான் காரியம் நடக்கும். லிவா பாலைவனத்தில் பூனைக்காகக் கையால் மணல் அள்ளி, கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டு நின்றவன் என்னைத் தவிர வேறு எவனும் இருந்திருக்க மாட்டான். பூனையோடு தனியாகப் பயணம் போகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, வண்டியில் யார் முதலாளி, யார் டிரைவர் என்பதை. அதில் சந்தேகம் வைத்துக்கொண்டால் நிம்மதி போய்விடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு செல்போன் வேகமாகப் பரவிய வருடங்கள் அவை. அபுதாபியின் மேற்குப் பக்கத்தில், மின்சாரம் எட்டாத இடங்களில் நிற்கும் டவர்களின் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நகரத்தை ஒட்டிய முசஃபாவில், கம்பெனி ரூமில் எனக்கு ஒரு கட்டில் உண்டு. ஆனால் மாதத்தில் பாதிக்கு மேல் கம்பெனி வேனில்தான் குடியிருந்தேன். பின்பக்கம் ஒரு பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், ஸ்பேனர் பெட்டி. ஹெல்பர் ஒருவன் வேண்டும் என்று கேட்டதற்கு, "நீ ஒருத்தனே போதும்" என்று மேனேஜர் பாராட்டுவதுபோலச் சொல்லிவிட்டார்.

கயாத்தி என்ற சிற்றூரில் டீசல் போட்டுவிட்டுக் கிளம்பி வெகுதூரம் வந்தபிறகுதான் ஸ்பேனர் பெட்டியின்மேல் ஒரு மணல்நிறப் பூனை தூங்குவதைப் பார்த்தேன். பூனை குறுக்கே போனால் புறப்படக் கூடாது என்று வளர்ந்தவன் நான். குறுக்கே போகாமல் கூடவே வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அன்று மாலை மத்திமீன் டப்பாவைத் திறந்தேன். அதோடு விஷயம் முடிந்தது.

என் மனைவிக்குப் பூனையின் கதை தினமும் வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் அவள் இருந்தாள். மெக்கானிக் விசாவில் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. அதை நினைத்து நாங்கள் இருவரும் சண்டை போட்டு ஓய்ந்திருந்தோம். போனை எடுத்ததும், "எங்க, என் சக்களத்தி சாப்பிட்டாளா?" என்பாள். முன் இருக்கையில் ஜன்னலோரமாக அது உட்கார்ந்து வருகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"பாருங்க, எனக்குக் கெடைக்காத விசா அவளுக்குக் கெடைச்சிருக்கு. மகராசிதான்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது.

அவளுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "நீங்க வராம நான் அந்த ரூமுக்குள்ள போவ மாட்டேன்" என்று பிடிவாதமாக இருந்தாள். என் லீவோ, பதிலாள் வந்தால்தான். பதிலாளுக்கு விசா வந்தால்தான் பதிலாள். அவள் ஆபரேஷன் அறைக்குள் போகும்முன் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அந்த மாதங்களில் எனக்கு இருந்த ஒரே வேண்டுதல் அதுதான். எஞ்சினைத் துடைக்கும்போதும் வாய் அதையே முணுமுணுக்கும்.

இதற்கிடையில் பூனை எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தது. வண்டியைக் கிளப்பும்முன் பானட்டை இரண்டு தட்டு தட்ட வேண்டும். குளிர்காலத்தில் அது எஞ்சின் சூட்டில் போய்ப் படுத்திருக்கும். இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. கோடையில் வண்டியில் விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது. பக்காலாவில் அரிசி வாங்கப் போனாலும், லாண்டரிப் பையில் தலையை மட்டும் நீட்டியபடி அதுவும் வரும். எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம், கூப்பிடக் கூடாது என்பது. கூப்பிட்டால் வராது. நம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தானே வந்து பக்கத்தில் உட்காரும். பேச்சுத்துணைக்கு ஏங்கியவனுக்கு இது லேசில் வரவில்லை.

அந்தப் போன் வந்தபோது நான் சவுதி எல்லையோரம், சிலாவுக்கு இந்தப் பக்கம் ஒரு டவரில் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். காலை வெயில் ஏறியிருந்தது. பேசியவன் என் ரூம்காரன். என் ஊருக்குப் பக்கத்து ஊர், என்னைவிட இளையவன். எப்போதும் கத்திப் பேசுகிறவன், அன்று மெதுவாகப் பேசினான்.

"அண்ணாச்சி, எங்க நிக்கீய? மதினிக்குக் கொஞ்சம் முடியலயாம். ஆஸ்பத்திரியில வச்சிருக்காவ. பயப்பட ஒண்ணுமில்ல. நிதானமா வண்டிய ஓட்டிட்டு வாங்க. டிக்கெட் போட்டாச்சு. பாஸ்போர்ட்டும் கையில வந்துட்டு."

கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் கம்பெனியிடம் இருக்கும். லீவு சாங்ஷன் ஆனவனே அதை வாங்க நாலு மேசை ஏறி இறங்க வேண்டும். பெண்டாட்டிக்கு முடியவில்லை என்றால், "ஆஸ்பத்திரிச் சீட்டை ஃபேக்ஸில் அனுப்பச் சொல்" என்பார்கள். கேட்டவுடன் பாஸ்போர்ட்டைத் தூக்கிக் கொடுப்பது ஒரே ஒரு சமாச்சாரத்துக்குத்தான். வளைகுடாவில் யாரும் சாவைச் சாவு என்று சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள், விமானம் ஏற்றிவிடுவார்கள். ஊரில் இறங்கி, வாசலில் போட்டிருக்கும் பந்தலைப் பார்த்துத்தான் போனவன் தெரிந்துகொள்ள வேண்டும். நானே இரண்டு பேருக்கு அப்படிச் சொல்லி ஏர்போர்ட்டில் விட்டிருக்கிறேன். வழி முழுக்கக் கிரிக்கெட் பேசியிருக்கிறேன்.

"சரி, வாறேன்" என்றேன். ஆயிலை ஊற்றி முடித்தேன். மூடியை இறுக்கினேன். பானட்டைத் தட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போனில் சிக்னல் இருந்தது, காசும் இருந்தது. வீட்டுக்கு நான் போன் செய்யவில்லை. செய்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். எடுப்பது அவளாக இருக்காது. அந்த நெடுஞ்சாலையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தாள். அதனால் மெதுவாக ஓட்டினேன். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின.

அழுகிறவன் மடியில் பூனை தானாக வந்து படுக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பூனை அப்படி எதுவும் செய்யவில்லை. முன் இருக்கையில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு பின்னால் போய்த் தன் மீன் கிண்ணத்தைச் சுரண்டியது. நான் கவனிக்காததுபோல ஓட்டினேன். விடாமல் சுரண்டியது. அதற்குப் பசி, அவ்வளவுதான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு மனுசன் என்ன நெலமையில இருக்கான், ஒனக்கு மீன் கேக்குதோ?" என்று கத்தினேன்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். டப்பாவைத் திறந்து, முள்ளை எடுத்துவிட்டு, பிசைந்து வைத்தேன். அது சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வழியில் தரிஃபில் வழக்கமான கஃப்டேரியா முன்னால் ஹாரன் அடித்தேன். அங்கே யாரும் இறங்குவதில்லை, சாயா வண்டிக்கே வரும். கடைக்காரர் மலையாளி, கல்லாவை விட்டு ஒருநாளும் எழுந்திராதவர். அன்று அவரே கிளாசோடு வந்தார். ரூம்காரன் அவருக்கும் போன் செய்து, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். "சேட்டா, பதுக்கெ போயால் மதி" என்றார். மெதுவாகப் போனால் போதுமாம். மெதுவாகத்தான் போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். கிளாசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

முசஃபாவில் எங்கள் கட்டிடத்தின் கீழே ரூம் ஆட்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். டியூட்டி நேரத்தில் ஒருவர்கூட டியூட்டிக்குப் போகவில்லை. நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரூம்காரன் வந்து மறுபக்கக் கதவைத் திறந்தான். பூனை முடி பட்டால் தும்மல் வரும் என்று என் சட்டையைக்கூடத் தன் கொடியில் காயவிடாதவன், அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஐசியூவுலதான் இருக்காவ. நீங்க போனதும் சரியாயிரும்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் பூனையைப் பார்த்துச் சொன்னான்.

அவன் பாவம். இன்னும் ஏர்போர்ட்வரை இதையே சொல்லிக்கொண்டு வர வேண்டும். எனக்கும் அதற்குமேல் வண்டியோட்ட ரோடு இல்லை. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"நான் போய்ச் சேருற வரைக்கும் வச்சிருப்பாங்களா?" என்று கேட்டேன்.

அவன் உதடு கோணியது. "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு அண்ணாச்சி" என்றான். அப்புறம் பூனையின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எனக்கு முந்தி அவன் அழ ஆரம்பித்தான்.