லைசென்ஸும் ஒரு கிளாஸ் டீயும்

ஷெஹாத்தாவுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. அதுவும் சரியாகத் தெரியாது என்று, அவனுக்கு நாற்பது தாண்டிய பிறகு அரசாங்கம் கண்டுபிடித்தது.

அதுவரை எகிப்தின் தமன்ஹூர் பக்கத்துத் தக்காளி வயல்களில் அவன்தான் ராஜா. அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகி, வெறுங்காலுடன் நின்று, டிரம்மில் ஊற்றிய மருந்தை முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவான். மருந்து நல்ல மருந்தா என்று பார்க்க ஊரில் ஒரே வழிதான் இருந்தது. தெளித்தவனுக்குத் தலை சுற்ற வேண்டும். "என்னப்பா, சுத்தலையா? அப்ப கடைக்காரன் தண்ணியக் கலந்துட்டான்" என்று வயல்காரர்கள் சண்டைக்குப் போவார்கள். ஷெஹாத்தா வரப்பில் சுருண்டு விழுந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

இனி பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, லைசென்ஸ் வாங்கியவன்தான் மருந்தைத் தொடலாம் என்று உத்தரவு வந்தது. கூட்டுறவுச் சங்கக் கூடத்தில் வேளாண்மைத் துறை இன்ஜினியர் லுத்ஃபி வகுப்பு எடுத்தார். மருந்தடிக்கும்போது புகைபிடிக்கக் கூடாது என்று அவர் சொல்ல, மொத்த வகுப்பும் புகையை ஊதிக்கொண்டே தலையாட்டியது. ஷெஹாத்தா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கை நடுங்குவது, கண்ணில் தண்ணீர் வடிவது, எச்சில் ஊறுவது என்று மருந்து உடம்பில் ஏறியதற்கான அடையாளங்களை அவர் அடுக்க அடுக்க அவன் விரல் மடக்கி எண்ணினான். எல்லாம் அவனுக்கு இருந்தன. கண்ணேறு என்று நம்பி அவன் மனைவி தலையணைக்குள் தைத்து வைத்த தாயத்துகளால் தலையணையே கட்டையாகிப் போயிருந்தது. பயந்துதான் போனான். லைசென்ஸ் இருந்தால் ஸ்ட்ராபெரி ஏற்றுமதிப் பண்ணையில் சேரலாம். அங்கே உடுப்பு, முகமூடி எல்லாம் கொடுப்பார்கள். இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருக்கலாம்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். செய்முறைத் தேர்வுதான் காலை வாரியது. முதல் தடவை, தெளித்துக்கொண்டிருக்கும்போது பழைய சிநேகிதன் ஒருவன் கையை நீட்டினான். நீட்டிய கையை எப்படி விடுவது? மருந்து சொட்டும் கையுறையோடு குலுக்கினான். தேறவில்லை. இரண்டாம் தடவை, வரப்பில் போன ஒரு பெரியவர் சிகரெட் நீட்டினார். பற்றவைக்கவில்லை. மரியாதைக்கு வாங்கிக் காதில் செருகிக்கொண்டான், அவ்வளவுதான். அதற்கும் தேறவில்லை. "மூணாவது தடவையும் கோட்டை விட்டா அப்புறம் கிடையாது. உனக்கு வேலை தெரியுது ஷெஹாத்தா. வேண்டாம்னு சொல்லத்தான் தெரியல" என்றார் லுத்ஃபி.

மூன்றாம் தேர்வுக்கு வயல் கொடுத்தவன் அவதல்லா, ஷெஹாத்தாவின் தங்கை இன்ஸாஃபின் புருஷன். தங்கமான மனுஷன். கஷ்டம் எல்லாம் அவன் வாயால்தான். விருந்தாளி போதும் என்றால் அவனுக்குப் பொறுக்காது. "இதைச் சாப்பிடலைன்னா என் பொண்டாட்டி தலாக்!" என்று சத்தியம் போட்டுவிடுவான். அந்தப் பக்கத்து ஆண்கள் நிறையப் பேர் அப்படித்தான் உபசரிக்கிறார்கள். வந்தவர்களும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும் பொறுப்போடு மென்று விழுங்குவார்கள். ஆனால் ஒருமுறை பல் இல்லாத ஒரு மாமா வாத்துத் தொடையிடம் தோற்றுப்போனார். இன்னொருமுறை ஒரு விருந்தாளி கடைசி வேனைப் பிடிக்க ஓடிவிட்டான். இரண்டு தடவையும் ஊர்ப் பள்ளிவாசல் ஷேக், "நிஜமாவே அப்படி நினைச்சா சொன்னே?" என்று கேட்டார். "ஆம்பளை பேச்சு மாறமாட்டேன்" என்று அவதல்லா நெஞ்சை நிமிர்த்தினான். இரண்டு தலாக்கும் கணக்கில் ஏறின. இன்ஸாஃபை மறுபடி சேர்த்துக்கொண்டான். மூன்றாவதும் விழுந்தால் சேரவே முடியாது.

தேர்வு நாளன்று ஷெஹாத்தா உடுப்பு, கையுறை, பூட்ஸ், முகமூடி எல்லாம் மாட்டி, காற்று பார்த்து நடந்தான். நீட்டிய கைகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினான். லுத்ஃபியின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. பாதி வயல் முடிந்தபோது, கால்வாய்க்கரை அடுப்பிலிருந்து கருகருவென்று டீயை ஊற்றிக்கொண்டு அவதல்லா வந்துவிட்டான்.

"மச்சான், என் வயல்ல நின்னு வெறும் வாயோட வேலை பாக்குறதா? புடி."

ஷெஹாத்தா தலையை ஆட்டினான். "முடிச்சு, குளிச்சு, வேற துணி மாத்திட்டு வந்து குடிக்கிறேன் மாப்பிள்ளை."

அதைச் சொல்ல அவன் எவ்வளவு தைரியம் திரட்டினான் என்று அவதல்லாவுக்கு எங்கே தெரியும்? அக்கம்பக்கத்து வயல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த டீ ஆறுறதுக்குள்ள, நிக்கிற இடத்துலயே நீ குடிக்கலைன்னா, இன்ஸாஃப் தலாக்!"

லுத்ஃபி பட்டணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். அவருக்கு என்ன வந்ததோ, "இவன் அதைக் குடிச்சு நான் லைசென்ஸ் கொடுத்தா என் பொண்டாட்டியும் தலாக்!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகு முகம் வெளுத்தது. அவர் மனைவி மேலதிகாரியின் மகள்.

வரப்பில் கூட்டம் சேர்ந்தது. முகமூடிக்குள் குழாய் விட்டுக் குடிக்கலாமே என்றான் ஒருவன். இன்ஜினியர் கண்ணை மூடிக்கொள்ளட்டும், கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்று அவர் சத்தியம் பண்ணவில்லையே என்றான் இன்னொருவன். மூன்றாமவன் கிளாஸைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடாத்தான் இருக்கு, யோசிக்கலாம்" என்று தைரியம் சொன்னான்.

ஷெஹாத்தா யோசிக்கவில்லை. லைசென்ஸ் போனால் போகிறது, தங்கை குடும்பம் முக்கியம் என்று முகமூடியைக் கழற்றினான். பண்ணை, புது உடுப்பு, நடுங்காத கை எல்லாம் அந்த முகமூடியோடு இறங்குவது போல இருந்தது. அழுகை வந்தது. கையுறையோடு கிளாஸை வாங்கினான்.

"குடிக்காதே அண்ணே."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் இன்ஸாஃப். ரொட்டிக்குப் பிசைந்த மாவு கையில் இன்னும் காயவில்லை.

"ஏய், உனக்கு என்னன்னு தெரியுமா?" என்று பதறினான் அவதல்லா. "மூணாவதுடி!"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? எவன் வயிறு நிறையுது, எவன் வயிறு நிறையலைன்னு பாத்துப் பாத்தே என் காலம் போச்சு. உன் வீட்டுல ஒருத்தன் ஏப்பம் விட்டாத்தான் எனக்கு உசுரு வருது. என் கல்யாணம் அடுத்தவன் வயித்துலயா இருக்கணும்? ஊத்திடு அண்ணே."

ஷெஹாத்தாவுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீட்டில் எத்தனை தடவை தொண்டை வரை தின்று, தங்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமையாக நடந்து வந்திருக்கிறான்! அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. டீயைக் கவிழ்த்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு மீதி வயலையும் தெளித்து முடித்தான். லுத்ஃபி அங்கேயே 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, தன் குடும்பம் பிழைத்த சந்தோஷத்தில் அங்கேயே நிலத்தில் நெற்றியை வைத்துத் தொழுதார். இன்ஸாஃப் துணி மூட்டையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அவதல்லா ஷேக்கிடம் ஓடினான். பள்ளிவாசலில் அத்தனை பேர் முன்னால் அவர் கேட்டார்: "உன் மனசுல இருந்தது தலாக்கா, டீயா?"

"டீதான் ஷேக்! சத்தியமா டீதான்!"

"மறுபடியும் சத்தியமா? பேச்சு மாறாத ஆம்பளைன்னு சொன்னியே?"

"மாறிட்டேன் ஷேக்" என்றான் அவதல்லா, யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

அப்படியானால் தலாக் விழவில்லை, சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரமாகப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு போடு என்றார் ஷேக். திரும்பி வருவதா வேண்டாமா என்பது இன்ஸாஃப் இஷ்டம். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள்.

விருந்தன்று அண்ணனும் தங்கையும் அவதல்லா வீட்டு முற்றத்துக்கு வெளியே நின்றார்கள். மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது. ஒன்பது பேர் வழித்துச் சாப்பிட்டார்கள். பத்தாவது, சந்தையில் மூட்டை தூக்கும் கிழவர். இரண்டு வாய் உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். "வயிறு சரியில்லப்பா. போதும்."

பத்தாவது ஆள் சாப்பிடாவிட்டால் பரிகாரம் கணக்கில் குறையும். அவதல்லாவின் வாய் தானாகத் திறந்தது. ஷெஹாத்தா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். அது சில்லிட்டிருந்தது.

அவதல்லாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. வாயை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"வேணாம்னா... விடுங்க பெரியவரே" என்றான் கடைசியில். "நான் வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வரேன்."

இன்ஸாஃப் மூட்டையை இடுப்பிலிருந்து இறக்கி வாசற்படியில் வைத்தாள். உள்ளே கொண்டு போகவில்லை. வைத்தாள், அவ்வளவுதான்.