அரைக் கட்டை இறங்கியிருந்த பேஸ் கிடார்

பழைய பேஸ் கிடார்களை வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இது ஒரு தொழில் என்று என் மாமனாருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பேஸ் கிடாருக்கு நாலே கம்பி, நல்ல தடிமன், பாட்டின் அடிக்குரல் அதனுடையது. மெல்லிசைக் கச்சேரியில் அதை வாசிக்கிறவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர் நிறுத்தினால்தான் என்னவோ குறைகிறதே என்று முழிப்பார்கள்.

எழுபதுகளில் ஜப்பானில் செய்த பேஸ்களுக்கு இப்போது நல்ல கிராக்கி. அப்படி ஒன்று திருவண்ணாமலைக்கு அருகே அடி அண்ணாமலையில் விற்பனைக்கு இருப்பதாக விளம்பரம் பார்த்தேன். படத்தில் கிடார் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்திருந்தது. கம்பிகள் நாலும் தளர்ந்து துணிக்கொடி மாதிரி தொய்ந்திருந்தன. உடம்பெல்லாம் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு கிரைண்டருக்கும் சைக்கிளுக்கும் வைக்கிற மாதிரி இதற்கும் வருடா வருடம் பொட்டு வைத்திருக்கிறார்கள். குங்குமம் பழைய வார்னிஷில் ஊறி விட்டால் லேசில் போகாது, விலை இறங்கும். உண்மையைச் சொல்கிறேனே, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரத்துக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டதே!

தை மாதம், பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு போனேன். சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தரை மணிப் பேருந்து, திண்டிவனம், செஞ்சி வழி. டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள்தான். செஞ்சியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டீ சுமார், வடை பரவாயில்லை. கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை ஜன்னலுக்குள் வந்தது. அதற்குப் பிறகு பேருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் அது கூடவே வந்தது. பத்து மணிக்கு இறங்கினேன்.

பேருந்து நிலையத்திலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆட்டோ இருநூற்றைம்பது ரூபாய். முந்நூறு கேட்பார்கள், கொஞ்சம் நின்று பேசினால் குறைவார்கள். எனக்குக் கிடைத்த டிரைவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், நான் விலாசம் சொல்கிற வரைக்கும்.

“அடி அண்ணாமலைல யாரு வூடு சார்?”

“ஏழுமலைன்னு, கச்சேரில பேஸ் கிடார் வாசிச்சவர். அவங்க சம்சாரம் தேவகியைப் பார்க்கணும். கிடார் வாங்க வந்திருக்கேன்.”

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “அத்த விக்கறாங்களா?”

வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு அவராகவே சொன்னார். “ஒம்போது வருசம் ஆச்சு சார். பௌர்ணமி அன்னைக்கு ரோட்டோரம் மேடை போட்டுக் கச்சேரி. முடிச்சதும் கிடாரைக் கூட்டாளிங்ககிட்ட குடுத்து வூட்டுல வைக்கச் சொல்லிட்டு, மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்னு நடந்தாரு. அவ்ளோதான். பதினாலு கிலோமீட்டரும் ஜனம். ஒருத்தரும் பாக்கல. சுத்தி வந்தா பொறப்பட்ட எடத்துக்கே வந்துடற ரோடு சார். அதுல எப்பிடி ஒருத்தரு காணாம போவாரு?”

விளம்பரத்தில் ‘கணவருடையது’ என்று மட்டும்தான் போட்டிருந்தது; போனில் விலை பேசி, பெயரும் விலாசமும் சொன்னபோதும் தேவகி இதைச் சொல்லவில்லை.

வீடு கிரிவலப் பாதையிலிருந்து ஒரு தெரு உள்ளே. முன்பக்கம் தேவகியின் சின்னக் கடை: தண்ணீர் பாட்டில், கற்பூரம், சோடா. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நெற்றியில் பெரிய குங்குமம். கடையை ஒரு சாக்குத் துணியால் மூடிவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வீட்டோடு ஒட்டிய ஒற்றை அறை, அதற்குத் தோட்டத்துப் பக்கம் தனி வாசல், பெரிய பூட்டு.

“இதுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு அவரு பாக்கெட்டுல இருந்துச்சு,” என்று சொல்லித் திறந்தார்.

வெயில் நேரம்தான், ஆனால் உள்ளே குளிர்ந்து கிடந்தது. பூட்டிக் கிடந்த அறைகளில் ஒரு வாடை வருமே, அது இல்லை. கிடார் படத்தில் இருந்த அதே சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்டூல். நான் கிடாரைப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். கம்பிகள் தொய்ந்திருக்கவில்லை. நாலும் விறைப்பாக நின்றன.

எடுத்து மடியில் வைத்து மேல் கம்பியைத் தட்டினேன். ஒன்பது வருடத்துக் கம்பி துருப்பிடித்து மந்தமாகத்தான் ஒலிக்க வேண்டும். இது நேற்று வாசித்துவிட்டு வைத்தது மாதிரி ஒலித்தது. சுருதி பார்க்கும் டியூனரைப் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். நாலு கம்பியும் வழக்கமான சுருதிக்குச் சரியாக அரைக் கட்டை கீழே இருந்தன. தானாக இறங்குகிற கம்பிகள் இப்படி ஒழுங்காக இறங்காது. ஒன்று ஜாஸ்தி, ஒன்று கம்மி என்று கோணல்மாணலாகத்தான் இறங்கும். இது ஒருவர் காது வைத்துக் கேட்டு, திருகித் திருகி வைத்தது.

“யாராவது வாசிச்சாங்களாக்கா?”

“சொல்லுங்க சார், எவ்ளோ இருக்குது?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

“அரைக் கட்டை கம்மி.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “அவங்க ட்ரூப்புல பாடறவருக்கு மேல எட்டாது. அதனால எல்லாத்தையும் அரைக் கட்டை எறக்கித்தான் வாசிப்பாங்க.”

பயத்தை மறைக்க, தொழில்காரன் மாதிரி கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் பொட்டுகள் கண்ணில் பட்டன. உடம்பில் ஏழெட்டு இடத்தில் சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம், எல்லாம் அப்படியே இருந்தன. மேல் விளிம்பில் ஒன்று மட்டும் தேய்ந்து மங்கலான தடமாகிவிட்டிருந்தது. பேஸ் வாசிக்கிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். வலது முழங்கை மடங்கி, கை கிடார்மேல் படிகிற இடம் அது. பழைய பேஸ்களில் அங்கேதான் வார்னிஷ் முதலில் போகும். ஒரு கிடாரை எத்தனை வருடம் வாசித்திருக்கிறார்கள் என்று நான் கண்டுபிடிப்பதே அங்கே பார்த்துத்தான். இந்தப் பொட்டு போன ஆயுத பூஜைக்கு வைத்தது. நாலு மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

தேவகியிடம் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“சத்தம் கேக்காது சார். கரண்டுல மாட்டாம வாசிச்சா அதுக்குச் சத்தமே கம்மி. ஆனா இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நான் படுக்கறேன். விடியக்காலைல சுவரு அதிரும். கைய வச்சா தெரியும். எந்தப் பாட்டுன்னுகூட தெரியும்.”

“ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கலையா?”

“தொறந்து பாத்து, யாரும் இல்லைன்னா?”

நான் கம்பிகளை விரலால் அழுத்திப் பார்த்தேன். அவர் தொடர்ந்து பேசினார். “வாசிச்சு முடிச்சா கம்பிய லூசாக்கிட்டுத்தான் வைப்பாரு. அது அவரு பழக்கம். நான் படம் எடுத்தப்ப அப்பிடித்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம் இப்பத்தான் தொறக்கறேன்.” கம்பிகளை ஒரு பார்வை பார்த்தார். “லூசாக்கலைன்னா இன்னும் முடிக்கலைன்னு அர்த்தம்.”

அறையின் ஒரே ஜன்னல் தோட்டத்தைப் பார்த்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, சொல்வதற்கென்ன வெட்கம். கிடாரை வைத்துவிட்டு, “அக்கா, இதை விக்க வேணாம். இங்கயே இருக்கட்டும்,” என்றேன். என் தொழிலில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “காசுக்கா விக்கறேன்? ஒம்போது வருசமா பொண்டாட்டிய வுட்டுட்டு இந்தக் கட்டையப் பாக்க வர்றாரு. இது இங்க இருக்கிற வரைக்கும் அந்தப் பின்வாசலோட போயிடுவாரு. எடுத்துட்டுப் போயிடுங்க. உசுரோட இருந்தா முன்வாசல்ல வந்து கதவத் தட்டட்டும். இல்லைன்னா போய்ச் சேரட்டும். எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும் சார்.”

பேசிய தொகையை அப்படியே போனில் அனுப்பினேன். குங்குமக் கறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கிடாரைப் பையில் போடும்போது அவர் நிறுத்தினார். உள்ளே போய் சந்தனமும் குங்குமச் சிமிழுமாக வந்து, தேய்ந்திருந்த அந்த இடத்தில் புதுசாக ஒரு பொட்டு வைத்தார். பெரியதாக, ஈரச் சந்தனத்தின்மேல். “இத்த அழிக்காதீங்க. நீங்களும் வாசிக்காதீங்க. நான் கேக்கிற வரைக்கும்,” என்றார். சரி என்றேன்.

திரும்பும்போதும் அதே ஆட்டோதான், டிரைவர் காத்திருந்தார். வந்த வழியே போகாமல் மீதிப் பாதையைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போனோம். பௌர்ணமி இல்லாத நாள் என்பதால் ரோடு காலி. மரத்தடிகளில் சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள். குபேர லிங்கத்துக்கு முன்னால் ஒரு வளைவில் காவி கட்டிய ஒருவர் எதிரே நடந்து வந்தார். இந்த மலையை எல்லோரும் வலமாகத்தான் சுற்றுவார்கள். அவர் இடமாக, நாங்கள் வந்த பக்கம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஆட்டோவைக் கடக்கும்போது என்னைப் பார்க்கவில்லை, என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். தாடி, முகம் சரியாகத் தெரியவில்லை.

“இப்பிடி எதுக்க யாரும் நடக்க மாட்டாங்களே,” என்றார் டிரைவர். வண்டியை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

இதே மாதிரி வேட்டைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள். பேருந்தில் உங்களுக்கே இடம் கிடைக்காது, கிடாரோடு எங்கே ஏறுவது? தங்குவதாக இருந்தால் வேங்கிக்கால் பக்கம் பாருங்கள், கோயிலைச் சுற்றி இருப்பதைவிட வாடகை கம்மி. டியூனரும் தடிமனான பையும் கையோடு கொண்டு போங்கள். விளம்பரப் படத்தைப் போனில் வைத்திருந்து நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள். குங்குமம் இருக்கிறதே என்று அந்த இடத்திலேயே ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். எத்தனை இடத்தில் இருக்கிறது, எங்கே இல்லை என்று முதலில் பாருங்கள்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள், நான் மதியச் சாப்பாட்டில் இருந்தபோது, தேவகி கூப்பிட்டார்.

“சார், கதவத் தட்டறாங்க,” என்றார். குரல் ரொம்பத் தாழ்வாக இருந்தது. “பின்னாடி இல்ல. முன்வாசல்.”

“யாருன்னு கேட்டீங்களா?”

“கேக்கல. மொதல்ல உங்களக் கேக்கணும். நான் வச்ச பொட்டு எப்பிடி இருக்குது?”

அவர் கேட்பது எனக்குப் புரிய ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம் ஆனது. பொட்டு இங்கே தேய்ந்திருந்தால், பூட்டும் சாவியும் பேருந்தும் தேவைப்படாத ஒன்று கிடாரைத் தேடிச் சென்னைக்கே வந்து வாசித்திருக்கிறது. தேயாமல் இருந்தால், அவர் வாசலில் நிற்பது காலால் நடந்து வந்த ஆள். எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். கிடார் அறை மூலையில் நான் வைத்தபடி நின்றது. குனிந்து பார்க்கப் பயமாக இருந்தது, பார்த்தேன்.

“முழுசா இருக்குக்கா. ஓரம்கூட உதிரல.”

அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. அதற்குப் பின்னால் தட்டுகிற சத்தமும் கேட்டது. அவசரமில்லாமல், ஒரே சீராக, தாளம் தப்பாமல்.

போனை எங்கோ வைத்துவிட்டார் போலிருக்கிறது, அணைக்கவில்லை. செருப்பில்லாத கால் நடக்கும் ஓசை. தாழ்ப்பாள் விலகியது. பிறகு, தினமும் வேலை முடிந்து வருகிறவரைக் கேட்பது மாதிரி அவர் கேட்டார்:

“இன்னா, சுத்தி முடிச்சாச்சா?”

பதில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் போன் நின்றுவிட்டது. நான் திரும்பக் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. கிடார் விற்பனைக்கு இல்லை, தயவுசெய்து விலை கேட்டு எழுதாதீர்கள். அந்த வீட்டில் கேட்டால் மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன்.