கைராசியும் காண்டஸாவும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில், ஐந்து ஆண்கள் ஒரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் கொஞ்சம் சூடாகத்தான் எழுதப் போகிறேன். 'பி.பி. மாத்திரை போட்டாச்சா?' என்று அக்கறையாகக் கேட்கும் வாசகர்களுக்கு – போட்டாச்சு. அப்படியும் இறங்கவில்லை.

முதலில் காரைச் சொல்லிவிடுகிறேன். காண்டஸா. பழைய படங்களில் வில்லன் வந்து இறங்குவானே... நீண்ட மூக்கும் விரிந்த தோளுமாக, தெருவையே அடைத்துக்கொண்டு வருமே, அதே கார்தான். பேரையூர்ப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலைக்குப் பின்னால் கிடந்தது. பின்சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. என் சம்பாத்தியத்தில், என் பெயரில் வாங்கினேன். ஆனையூரில் எங்கள் வீட்டு வாசலில் லாரியிலிருந்து இறக்கியபோது எதிர்வீட்டுக்காரர் வந்து, "என்ன சார், பழைய இரும்பு யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

என்னிடம் இல்லை. என் கணவரிடம்.

என் கணவர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனசு வராது. அவருக்குப் பைக் செயினுக்கு எண்ணெய் விடக்கூடத் தெரியாது. அதில் ஒன்றும் தப்பில்லை. எனக்குக்கூட வீணை வாசிக்கத் தெரியாது. ஆனால் யாராவது வந்து, 'ஆகா, என்னமா வாசிக்கிறீங்க!' என்று என்னைப் பாராட்டினால் நான் தலையாட்டிக்கொண்டு நிற்க மாட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் பிறந்த ஊரில், காட்டு நடுவில் டிராக்டர் நின்றுவிட்டால் மெக்கானிக் வர ரெண்டு நாள் ஆகும். அதற்குள் யார் கையில் ஸ்பேனர் இருக்கிறதோ அவர்தான் மெக்கானிக். எங்கள் வீட்டில் அது என் கை. அப்புறம் படிப்பு, ஆபீஸ் வேலை, கல்யாணம் என்று ஸ்பேனர் பெட்டி பரண் ஏறிவிட்டது. காண்டஸா வந்ததும் இறங்கியது.

இரண்டு வருடம். ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி தோசைக்குச் சட்னி அரைத்து வைத்துவிட்டு, நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடுவேன். செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து என்ஜினைத் தூக்கினேன். என்ஜின் பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, வந்ததும் பிஸ்டன், ரிங், பேரிங் என்று ஒவ்வொன்றாக மாட்டினேன். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து கியர்பாக்ஸை ஏற்றியிருக்கிறீர்களா? கண்ணில் துரு கொட்டும். நெற்றி வியர்வை காதுக்குள் இறங்கும். அந்த நேரம் பார்த்து, "ஏம்மா, சர்க்கரை டப்பா எங்க இருக்கு?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இதே கதைதான். நான் கிளட்ச் பிளேட் கேட்பேன். கடைக்காரர் என் கணவரைப் பார்த்து, "என்ன மாடல் சார்?" என்பார். இவர் என்னைப் பார்ப்பார். நான் பதில் சொல்வேன். கடைக்காரர் மறுபடியும் இவரிடம், "ஒரிஜினல் கொடுக்கவா சார், லோக்கல் போதுமா?" ஏதோ நான் வேற்று நாட்டுக்காரி மாதிரியும், இவர் எனக்குத் துபாஷி மாதிரியும்!

போகட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி வேலையும் முடிந்தது. பிரேக் குழாயில் காற்று எடுக்கிற வேலை. அதற்கு மட்டும் இரண்டு ஆள் வேண்டும். இவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி நட்டைத் திறந்து திறந்து மூடினேன். "மிதிங்க... பிடிங்க... விடுங்க." இந்த இரண்டு வருடத்தில் இவர் பார்த்த மெக்கானிக் வேலை அதுதான்.

இனி ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் விஷயமே இருக்கிறது. பிரித்து மாட்டிய என்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்வது, குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுவதைப் போல. அவசரமே கூடாது. முதலில் ஆயில் எல்லா இடத்துக்கும் ஏற வேண்டும். ஆயில் லைட் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டாத சத்தம் எதுவும் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆன உடனே ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதித்தால் புது பேரிங் எரிந்துவிடும். இரண்டு வருடமும் கூடவே எரியும்.

அந்த முதல் சாவியை நான்தான் திருப்ப வேண்டும் என்று ஆசையாக வைத்திருந்தேன். வேலையெல்லாம் என்னுடையது. அந்த ஒரு நிமிஷமும் என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இது பேராசையா? நீங்களே சொல்லுங்கள்.

இவர் சனிக்கிழமை ராத்திரி அவருடைய அக்காவுக்குப் போன் போட்டார். "வண்டி ரெடியாயிருச்சுக்கா."

அவ்வளவுதான். ஞாயிறு காலை மதினி வந்து இறங்கிவிட்டார். கையில் மாலை, எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடத் தட்டு. கூடவே அவருடைய வீட்டுக்காரர், அதாவது எனக்கு அண்ணன் முறை. எங்கள் சொந்தபந்தம் முழுக்க அவருக்குக் 'கைராசிக்காரர்' என்றுதான் பெயர். அவர் தேங்காய் உடைத்துப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் பீறிட்டது, அவர் ரிப்பன் வெட்டிய செல்போன் கடை மூன்று கடையாகிவிட்டது என்பார்கள். அவர் விளக்கேற்றிய ஜூஸ் கடை ஒரே கோடையில் மூடியதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அது ஜூஸ் போட்டவன் சரியில்லையாம்.

அண்ணன் ஷெட்டுக்குள் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டயருக்கு ஒரு உதை விட்டார். இந்த ஆண்கள் எல்லாம் ஏன் டயரை உதைக்கிறார்கள்? டயர் என்ன பதில் சொல்லும் என்று எதிர்பார்க்கிறார்கள்?

"அம்புட்டு வேலையும் வீட்லயேவா பாத்தே, மாப்ள?"

"ஆமா மச்சான். வீட்லயேதான்" என்றார் என் கணவர்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் சூடத் தட்டைப் பார்த்தார்.

"எல்லா வேலையும் நான்தாண்ணே பாத்தேன்" என்றேன். சபையில் கூச்சமெல்லாம் பார்க்கவில்லை, சத்தமாகவே சொன்னேன்.

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அட! தங்கச்சியும் கூடமாட ஒத்தாசை பண்ணுச்சாக்கும்! நல்லது, நல்லது."

கூடமாட ஒத்தாசை!

அதற்குள் எதிர்வீட்டுக்காரர், அவருடைய மருமகன், அண்ணனின் டிரைவர் என்று ஷெட் நிறைந்துவிட்டது. மதினி நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இம்புட்டுப் பேரு வந்திருக்காக, நீ என்ன இந்தக் கோலத்துல நிக்கிற? போ, போயி சேலையக் கட்டிட்டு எல்லாருக்கும் காப்பி போடு. நல்ல நேரம் எட்டரையோட முடியுது. அவரு ஸ்டார்ட் பண்ணட்டும்."

"மதினி, மொதத் தடவ நான்தான் பண்ணணும். ஆயில் லைட்டப் பாக்கணும், சத்தத்தக் கேக்கணும்..."

"அவருக்குத் தெரியாத வண்டியா? அவரு கைராசிக்குக் கட்டவண்டியே ஸ்டார்ட் ஆகும்!"

அண்ணன் வண்டி எடுக்கிற அழகை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். சாவியைத் திருப்பிய மறு விநாடி ஆக்ஸிலேட்டரைத் தரையோடு அழுத்துவார். என்ஜின் அலறினால்தான் அவருக்கு வண்டி உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கை வரும். என் புது என்ஜினை அவர் காலுக்குக் கொடுப்பதா? என் கணவரைப் பார்த்தேன். அவர் இப்போது எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மூளை நிதானமாகத்தான் இருந்தது.

"சரி மதினி. ஒரு மூடி சரியா மாட்டிருக்கான்னு பாத்துட்டுப் போறேன்" என்று பானெட் பக்கம் குனிந்தேன். பெட்ரோல் என்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு. அதன் மூடியைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னச் சாமான் இருக்கும். பெயர் ரோட்டர். அதுதான் ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிட்டுக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் காண்டஸா வெறும் தகர டப்பா. இரண்டு கிளிப்பைத் தள்ளினேன், ரோட்டரை உருவினேன், மூடியைப் பழையபடி மாட்டினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அங்கே அஞ்சறைப் பெட்டியைத் திறந்தேன். வெந்தயம் தீர்ந்து அந்தக் குழி காலியாகக் கிடந்தது. ரோட்டரை அதில் வைத்து மூடினேன். எங்கள் வீட்டில் எந்த ஆணும் திறந்து பார்க்காத ஒரே பெட்டி அதுதான்.

ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது. க்ர்ர்ர்... க்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்...

ஆகவில்லை.

ஸ்பார்க் இல்லாமல் என்ஜின் சுற்றுவதில் ஒரு நன்மை உண்டு. ஆயில் நிதானமாக மேலே ஏறும். நான் செய்யவிருந்த முதல் வேலையும் அதுதான். ஆக, கைராசி அண்ணன் தனக்கே தெரியாமல் எனக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணிக்கொண்டிருந்தார்.

காபித் தட்டோடு நான் போனபோது ஐந்து தலையும் பானெட்டுக்குள் இருந்தன. "பேட்டரி டவுன் மாப்ள" என்றார் அண்ணன். "கார்ப்பரேட்டர்ல தூசி" என்றார் எதிர்வீட்டுக்காரர். மருமகன் போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தார். டிரைவர் பிளக் வயரை இழுத்து இழுத்துப் பார்த்தார். மதினி மட்டும் திட்டவட்டமாகச் சொன்னார்: "கண்ணுபட்டிருச்சு."

ஐந்து பேருக்கும் டம்ளரை நீட்டினேன். ஐந்து பேரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட... ஒரே ஒருவர்கூட, 'ஏம்மா, எதனால இருக்கும்?' என்று என்னைக் கேட்கவில்லை. கட்டிய கணவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

எட்டரை தாண்டியது. நல்ல நேரம் போய்விட்டது. "வாங்க, இட்லி ஆறுது" என்று கூப்பிட்டேன். வண்டி நின்றுபோன வருத்தமெல்லாம் வடை வாசத்தில் கரைந்து, எல்லாரும் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பரிமாற மதினி இருந்தார். அஞ்சறைப் பெட்டியிலிருந்து ரோட்டரை எடுத்துக்கொண்டு நான் ஷெட்டுக்கு வந்தேன். அண்ணன் மிதித்த மிதியில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தது. வாடை போகிற வரை காத்திருந்தேன். ரோட்டரை மாட்டினேன். ஸ்டியரிங்கில் கிடந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

ஒரு தடவை முனகியது. மறு தடவை பிடித்துக்கொண்டது.

ஆயில் லைட் அணைந்தது. என்ஜின் அலறவில்லை, இருமவில்லை. அடி வயிற்றிலிருந்து ஒரே சீராக ஒரு உறுமல். தகரக் கூரை அதிர்ந்தது. நான் அழுதுவிட்டேன். சந்தோஷமா, கோபமா என்று கேட்காதீர்கள். ரெண்டும்தான்.

சத்தம் கேட்டு எல்லாரும் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டு கத்தினார்:

"பாத்தீகளா! அவரு கை பட்டதுக்கு அப்புறந்தான் வண்டி உசுரு பிடிச்சிருக்கு! இவரு கைராசி எப்பவுமே கொஞ்சம் லேட்டாத்தான் வேல செய்யும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணன் அடக்கமாகச் சிரித்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது நான். மணிக்கட்டு வரை கிரீஸ் எனக்கு. கைராசி அவருக்கு!

அப்போது ஒன்று புரிந்தது. அன்றைக்கு அந்த வண்டி ஓடாமலே போயிருந்தால், 'பொம்பள கை வெச்ச வண்டி, பின்ன எப்படி ஓடும்?' என்று சொல்லியிருப்பார்கள். அப்போது மட்டும் நான்தான் மெக்கானிக் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்திருக்கும். நம் ஊரில் பெண்ணின் வேலைக்கு ஆதாரமே அது கெட்டுப்போவதுதான். சாம்பாரில் உப்புக் கூடினால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சரியாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்கள்.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அன்று சாயங்காலம் நான் பிடித்து உலுக்கியது என் கணவரைத்தான்.

"'இவதான் செஞ்சா'ன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரலையா?"

"சொன்னா மச்சான் நம்ப மாட்டாரும்மா."

"நம்புறதும் நம்பாததும் அவரு பாடு. சொல்றது உங்க பாடு!"

பதிலுக்கு இன்னொரு குண்டைப் போட்டார். வருகிற ஞாயிறு டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணமாம். மண்டப வாசலில் காண்டஸாவில் போய் இறங்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசையாம். 'எடுத்துக்கங்க மச்சான்' என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம். என் காருக்கு!

நான் சண்டை போடவில்லை. மறுநாளே சாவியை அண்ணன் வீட்டுக்கே போய், சிரித்த முகத்தோடு என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

இதை அண்ணன் படித்துவிட மாட்டாரா என்கிறீர்களா? மாட்டார். பொம்பளைங்க எழுதுவதை அவர் படிப்பதில்லை. ஆனால் என் கணவர் வாராவாரம் படிப்பார். படிக்கட்டும். சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மச்சானிடம் சொல்ல அவருக்கு ஞாயிறு காலை வரை நேரம் இருக்கிறது.

அதுவரை ரோட்டர் பழையபடி வெந்தயக் குழியில்தான் இருக்கும்.