தூரிகைக்காக எழுந்து நின்ற மண்டபம்

எங்கள் சங்கக் கூட்டங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மௌன அஞ்சலி, விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பொன்னாடை, கலைநிகழ்ச்சி, நன்றியுரை, கொத்துரொட்டி. இதில் கலைநிகழ்ச்சி சுருங்கலாம், கொத்துரொட்டி பிந்தலாம். மௌன அஞ்சலி மட்டும் எப்போதும் முதலாவது. செயலாளர் ஒலிவாங்கியில் "நிகழ்ச்சி தொடங்குகிறது" என்றதும் சனம் தானாக எழுந்து தலைகுனியும். "நன்றி, அமருங்கள்" என்று அதே செயலாளர் சொல்லும்வரை ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

அந்தச் செயலாளர் நான். புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனிநாட்டில், ஓய்வுபெறும்வரை லொங்குய் நகரசபையின் அனுமதிப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு மண்டபத்தில் எத்தனை கதிரை போடலாம், அவசர வாசல் எந்தப் பக்கம் திறக்கவேண்டும், மெழுகுதிரி கொளுத்த யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பவை எல்லாம் எனக்குச் சோறு போட்ட விஷயங்கள். ஓய்வுக்குப் பிறகு இந்த ஞானத்தை வீட்டில் யாரும் கேட்கவில்லை, சங்கம் கேட்டது. என் தீயணைப்பு விதிகளின் பயனாக எங்கள் குத்துவிளக்கில் திரி இல்லை, பற்றரியில் எரியும் சின்னக் குமிழ்கள்தான். பிரதம விருந்தினர் பக்தியோடு பொத்தானை அழுத்துவார்.

சுனாமி வந்த மார்கழிக்கு அடுத்த மாசி மாதம் அது. எங்கள் சனத்தில் யப்பானிய மொழி தெரிந்தவர் எவரும் இல்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஒரு யப்பானியச் சொல்லை எல்லா வீட்டிலும் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ரொக்ஸ்பரோவில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு யப்பானியப் பெண்மணி இருந்தார். தன் நாட்டுக் கலைஞர்களை வரவழைத்து, நூலகங்களிலும் பாடசாலைகளிலும் காட்டுவது அவருடைய வேலை, அல்லது விரதம். ஒருநாள் மாலை சப்பாத்துப் பனியைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார். சனிக்கிழமை நிகழ்ச்சி நடக்கவிருந்த நூலகத்தில் குளிருக்குத் தண்ணீர்க்குழாய் வெடித்துத் தரை பாழாகிவிட்டதாம். உங்கள் கோயில் மண்டபம் கிடைக்குமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

மண்டபம் அன்று எங்கள் ஆண்டு விழாவுக்கு எடுக்கப்பட்டிருந்தது. விழாவுக்குள்ளேயே அவர்களையும் சேர்க்கலாம் என்றேன். பெருந்தன்மைதான், கூடவே, எங்கள் பரதநாட்டிய ஆசிரியைக்குக் கால் சுளுக்கியிருந்தது.

வந்திருந்தவர் நடுவயது எழுத்துக்கலைஞர். ஓர் அறையளவு தாளைத் தரையில் விரித்து, விளக்குமாறு அளவு தூரிகையால் ஒரேயொரு எழுத்தை எழுதுவார். கூட வந்த கணவர் மடிக்கணினியில் இசை அமைப்பார், அதுவும் தெருவில் பிடித்த சத்தங்களால். ஒரே மூச்சில் எழுதவேண்டும், திருத்தம் கிடையாது. தாளைப் பல துண்டுகள் ஒட்டிச் செய்து ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

"மனம் அமையாவிட்டால் தூரிகையைத் தொடமாட்டார்," என்றார் அந்த அடுத்த வீட்டு அயலவர். முந்திய நகரத்தில் மண்டபம் இரைந்தபடி இருந்ததால் கும்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டாராம். எழுதினாலும், தனக்கு நிறைவானதற்கு மட்டுமே மூலையில் சிவப்பு முத்திரை வைப்பார். "ஞாயிறு விமானம். எத்தனையோ வருடம் கேட்டு வரவழைத்தேன், மிஸ்யே. வெறுந்தாளோடு அவரைத் திருப்பி அனுப்பினால் இனி நான் யாரையும் கூப்பிடமாட்டேன்."

நான் எங்கள் சனத்தை நினைத்தேன். இரைச்சல் என்ற சொல்லே எங்களுக்காகத்தான் உண்டானது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மண்டபத்தில் மேடை இல்லை, தரை மட்டம். தாளைத் தரையில் விரித்தால் முதல் வரிசையைத் தவிர எவருக்கும் தெரியாது. சுவரில் தொங்கவிட்டால் என்ன என்று கேட்டேன். கலைஞர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். மை வழியும் என்று அயலவர் மரியாதையாக விளக்கினார்.

தாள் விரித்தபின் அதைச் சுற்றித்தான் கதிரை போடலாம்; எழுதிக் காய்ந்தபின்தான் எடுக்கலாம். ஆகவே எழுத்தை முதலாவதாக வைத்தேன். சங்கத் தலைவர் கொதித்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்காளர், பையில் எப்போதும் ஒரு பேச்சு இருக்கும்.

"அஞ்சலியை ரெண்டாவதாப் போடுறதோ? செத்தவை காத்திருக்கவேணுமோ?"

"அவை அவசரப்படமாட்டினம், அண்ணை. உங்கட பேச்சுத்தான் கொஞ்சம் பிந்தும்."

அவருக்கு நோவு எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. குளிரங்கிகள் மலையாகக் குவிந்தன. பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள், வடை பரிமாறப்பட்டது, யாரோ ஒருவர் புவாண்ட்-கிளேரில் மலிந்துபோன வீட்டைப் பற்றிப் பின்வரிசைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னுரை எதுவும் வேண்டாம் என்பது விருந்தினரின் நிபந்தனை. அதனால் மண்டப விளக்குகளில் பாதியை அணைத்துவிட்டு, வழக்கப்படி ஒரு வசனம் மட்டும் சொன்னேன்.

"நிகழ்ச்சி தொடங்குகிறது."

கலைஞர் வெள்ளைக் காலுறையோடு வந்து தாளின் முன் முழந்தாளிட்டார். கண்களை மூடினார். தூரிகை மை வாளியில் கிடந்தது. மண்டபம் இரைந்தது. அயலவர் சுவரோரம் நின்று தன் விரல்களைத் தானே நெரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். மன்னார்க்காரர், முல்லைத்தீவில் கலியாணம் செய்திருந்த தங்கையைக் கடலுக்குக் கொடுத்தவர். கம்பளித் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துத் தலையைக் குனிந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு அந்த வரிசை, அதற்குப் பின்வரிசை. வடைத்தட்டு எங்கோ மெல்லக் கீழே வைக்கப்பட்டது. வீட்டு விலை பாதியில் நின்றது. தாய்மார் பிள்ளைகளின் வாயில் விரல் வைத்தார்கள். வெளியே பனி வழிக்கும் வண்டி தூரத்தில் போவதுகூடக் கேட்டது.

அது அஞ்சலி என்று நினைத்துவிட்டார்கள். வேறென்ன நினைப்பார்கள்? பாதி வெளிச்சம், என் வசனம், முன்னால் கண்மூடிய ஒரு பெண்.

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அவர்களை இருத்தவேண்டியவன் நான். வாய் திறந்தால் அந்தத் தாள் வெறுந்தாளாகவே விமானம் ஏறும். திறக்காவிட்டால் முழங்கால் வருத்தக்காரர் எல்லாம் நின்றபடி இருக்கவேண்டும். இதற்கு எந்த விதியும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்தேன்.

கலைஞர் கண்ணைத் திறந்தார். நிற்கும் மண்டபத்தைப் பார்த்தார். நெற்றி தரையில் படக் குனிந்து எழுந்தார். பிறகு தூரிகையை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

இடப்பக்கம் ஒரு நீண்ட வளைவு இறங்கியது. அடுத்தது மேலிருந்து வலப்பக்கம் சாய்ந்து, தாளின் அடிவரை ஓடி, கொக்கிபோல மேலே கிளம்பியது. அவர் எழுதவில்லை; முழு உடம்பும் தாளின் மேல் நடந்து போனது. கணவரின் மடிக்கணினியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. மெத்ரோ என்னும் நிலக்கீழ் ரயில் புறப்படும்போது கேட்கும் அந்த மூன்று சுரங்கள்தான், ஆனால் இழுத்து நீட்டி, கோயில் மணியைப் போல அடர்ந்து. வேலைக்குப் போகும் காலமெல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். அது இசை என்று அன்றுதான் தெரிந்தது. மை துளித்துளியாகத் தெறித்துத் தாளில் விழ, ஒவ்வொரு துளியும் அந்த இடத்துக்கென்றே வந்ததுபோல அமர்ந்தது. என் கைமயிர் சிலிர்த்தது. சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகே ஒன்று உறைத்தது. கடைசி வரிசைவரை எல்லோரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றபடியால் எல்லோருக்கும் தரை தெரிந்தது.

அவர் தூரிகையை வைத்தார். ஒருவரும் கைதட்டவில்லை. அஞ்சலிக்குக் கைதட்டும் வழக்கம் இல்லை.

மன்னார்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இருக்கச் சொல்லுமன்."

பொத்தானைப் போட்டேன். "நன்றி. அமருங்கள்."

தலைவர் காதருகே வந்தார். "இப்ப அஞ்சலி எல்லோ?"

"முடிஞ்சுது, அண்ணை."

அவர் தாளைப் பார்த்தார். போய்ப் பற்றரி விளக்கின் பொத்தானை அழுத்தினார். அன்று அவர் பேச்சை வெளியே எடுக்கவேயில்லை.

மற்றவர்களின் பேச்சுகள் முடிய மையும் காய்ந்தது. எழுத்தின் பொருள் காற்று என்றார் அயலவர். தூரிகைக்கு எழுந்து நிற்பது உங்கள் வழக்கமா என்று கலைஞர் கேட்கிறார் என்றும் சொன்னார். ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். நான் மன்னார்க்காரரைக் காட்டி, நடந்ததைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். நடுவில் சுனாமி என்ற அந்தச் சொல் வந்தது. அயலவர் மொழிபெயர்க்க முன்னமே கலைஞருடைய முகம் மாறிவிட்டது.

அவர் போய்த் தாளின் மூலையில் முழந்தாளிட்டார். சின்னக் கல் முத்திரையைச் சிவப்புப் பசையில் தொட்டுக் காத்திருந்தார். மூலை சுருண்டுகொண்டிருந்தது. மன்னார்க்காரர் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தி, அதை விரல்களால் தட்டையாகப் பிடித்தார். ஆயுள் முழுக்க முத்திரை குத்திச் சம்பளம் வாங்கியவன் நான். கலைஞர் கல்லைத் தாளில் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் கொடுத்து அழுத்தினார். எடுப்பதற்கு அவர் அவசரப்படவில்லை.